தொடர்பு எண்

ஜூன் விடுமுறைக்கு ஜப்பான் என்றுதான் பேச்சு.
பிறகு அது பினாங்கு ஆனது.
குளிர்பதனப் பெட்டி நின்றுபோன வாரத்தில்
அரும்பொருளகம் ஆனது.
குடிமக்களுக்கு நுழைவு இலவசம்.
கடைசி நாள் மட்டும் பாத்தாம்,
காலையில் போய் மாலையில் திரும்பும் படகு.
"கடல் கடந்த குடும்பச் சுற்றுலா" என்று
ரெத்தினவேல் குழுவில் அறிவித்துவிட்டார்.
அவர் அக்கா கட்டைவிரல் போட்டாள்,
ஒன்றே ஒன்று.

முதல் நாள்,
எழுத்துப் பொறித்த கல்துண்டு.
இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லையாம்.
"துணைப்பாட வகுப்புக்கு அனுப்புங்க" என்றாள் வெண்பா.
தொடக்கநிலை ஆறு. பையில் பயிற்சிப் புத்தகம்.
கல்லுக்கு எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்து
பின்னக் கணக்கு மூன்று போட்டாள்.
இரண்டு தப்பு.

மறுநாள் ஆற்றங்கரைக் கட்டடம்.
ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த கப்பல்,
ஆயிரத்து இருநூறு வருடம் கடலடியில் கிடந்தது.
பெரிய ஜாடிக்குள் சுருள் சுருளாக அடுக்கிய கிண்ணங்கள்,
மீன், பறவை, ஒரு கிறுக்கல்.
நேற்றுக் கழுவிக் கவிழ்த்தவை போல.

தமிழில் கப்பலும் கலம், கிண்ணமும் கலம்.
கலம் உடைந்தது. கலங்கள் உடையவில்லை.
இதைச் சொல்ல ஆள் தேடினேன்.
ரெத்தினவேல் கழிப்பறை வரிசையில் இருந்தார்.
வெண்பா காதில் ஏதோ செருகியிருந்தாள்.

நிமலன் மட்டும்
கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு
"அந்தக் கப்பல்ல வந்தவங்க பேரு
எங்கம்மா எழுதியிருக்கு?" என்றான்.
அட்டை அட்டையாகப் படித்தேன்.
மண் எந்த ஊர், சூளை எந்த ஊர்,
பச்சை எதனால் வந்தது,
எல்லாம் இருந்தது.

பாத்தாம் படகு
துறைமுகத்தைத் தாண்டிய ஏழாவது நிமிடம்
ரெத்தினவேலுக்கு வாந்தி.
பதினேழு வருடமாகப் பாரந்தூக்கியின் உச்சியில்
கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
காலுக்கடியில் கப்பல்களைப் பார்ப்பவர்.
ஒன்றிலும் ஏறியதில்லை.
பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து முகம் நிமிர்த்தி
நங்கூரமிட்ட சிவப்புக் கப்பலைக் காட்டினார்.
"அது... நேத்து... நான் இறக்குனது."
மறுபடி குனிந்தார்.

"இது கடலே இல்லை, நீரிணை" என்றாள் வெண்பா,
பாடப்புத்தகக் குரலில்.
அவளும் வெளுத்துத்தான் இருந்தாள்.

நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில்
நிமலனின் தண்ணீர்ப் புட்டி
கம்பியின் அடியில் உருண்டு
போய்விட்டது.
நீலப் புட்டி. ஜனவரியில் நான் ஒட்டிய சீட்டு,
பெயர், வகுப்பு ஒன்று கருணை,
தொலைந்தால் அழைக்க என் எண்.
மூழ்கவில்லை.
படகு கிழித்த வெள்ளை நுரையில்
தலையை ஆட்டி ஆட்டிப் பின்தங்கியது.

அழுவான் என்று பார்த்தேன்.
"பேரு எழுதியிருக்கில்ல," என்றான்,
"பரவால்ல."

அந்தக் கரையில்
மீ கோரேங் சாப்பிட்டோம்.
அடுக்குக் கேக் இரண்டு பெட்டி.
தங்கும் காலம் என்ற கட்டத்தில்
ஆறு மணி நேரம் என எழுதலாமா என்று
வரும் வழியெல்லாம் குழம்பிய ரெத்தினவேல்
திரும்பும் படகில்
கண்ணைத் திறக்கவேயில்லை.

பள்ளி திறந்து மூன்று வாரமாகிறது.
புதுப் புட்டி வாங்கிச் சீட்டு ஒட்டியாகிவிட்டது.
தெரியாத எண்களை இப்போதெல்லாம்
எடுத்துவிடுகிறேன்.
"மோசடிக்காரன், எடுக்காதே" என்கிறார்
இரவு வேலைக்குக் காலணி மாட்டியபடி.
காப்புறுதி விற்கும் பெண்.
சுங்கத்தில் என் பொட்டலம் நிற்பதாக ஒரு பதிவுக்குரல்.
நேற்று ஒருவர்,
மலாயில் யாரையோ கேட்டார். வயதான குரல்.
தப்பான எண் என்றேன்.
மன்னிப்புக் கேட்டார். உடனே வைக்கவில்லை.
அவர் பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது,
சாலையாகவும் இருக்கலாம்.
நானும் வைக்கவில்லை.